நடுவில் இரண்டு நாள்

மருதாணி வலது காதுக்குப் பின்னால் ஒரு கோடாக இறங்கிக்கொண்டிருந்தது, குளிர்ச்சியாக, அவசரமில்லாமல், எறும்பு ஒன்று வழி விசாரித்துக்கொண்டு போவதுபோல. வசந்தாமணி அதைத் துடைக்கவில்லை. துடைத்தால் விரல் சிவக்கும், சிவந்த விரலால் போனைத் தொட்டால் கண்ணாடியெல்லாம் பிசுபிசுக்கும், போனைத் தொடாமல் இந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தைக் கடந்துவிட முடியும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. வடவள்ளியில் அந்த அடுக்ககத்தின் இரண்டாவது மாடி பால்கனியில், பழைய துண்டு போர்த்திய பிளாஸ்டிக் நாற்காலியில், தலையில் பாலித்தீன் உறையை மாட்டிக்கொண்டு, எதிலும் சாயாமல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். தேயிலைத் தண்ணீரும் எலுமிச்சையும் இலையும் கலந்த வாசம் உறைக்குள்ளிருந்து மூக்குக்கு வந்துகொண்டே இருந்தது. எதிரே ஸ்டூலில் போன், அதில் காலையில் வந்த செய்தி. இதுவரை ஏழெட்டுத் தடவை படித்தாகிவிட்டது, படிக்கப் படிக்க ஏதோ ஒரு வார்த்தை குறைகிற மாதிரியே இருந்தது. 'தொடர் பாஸ் வேண்டாம்னு தோணுது. ஃப்ளெக்ஸ் எடுத்துக்கலாமா? நடுவுல ரெண்டு நாள் ரயில் இல்லாம இருக்கலாம். யோசிச்சு வைங்க, நாலு மணிக்குக் கூப்பிடறேன்.' அனுப்பியவள் தாரணி. தாரணி அவளுடைய மருமகள். இல்லை, மருமகளாக இருந்தவள், மூன்று வருடத்துக்கு முன்னால் வரைக்கும். மகன் நந்தகுமாரும் அவளும் கோர்ட்டில் கையெழுத்துப் போட்டுப் பிரிந்தார்கள், சண்டையில்லாமல், சத்தமில்லாமல், ஏதோ பேங்க் கணக்கை முடித்துக்கொள்கிற மாதிரி. அவன் இப்போது சிங்கப்பூரில், போன வருடம் இன்னொரு கல்யாணமும் ஆகிவிட்டது. தாரணி இதே கோயம்புத்தூரில், பீளமேட்டில், தனி வீட்டில். அந்தத் தாரணியோடுதான் வசந்தாமணி ஜூன் மாதம் சுவிட்சர்லாந்துக்கு ரயில் பார்க்கப் போகிறாள். இதை நினைக்கும்போதெல்லாம் அவளுக்கே கொஞ்சம் சிரிப்பு வரும். மகன் விட்டுவிட்டான், அம்மா விடவில்லை.

தொடர் பாஸ் என்றால் முதல் நாள் காலையில் ஏறியதிலிருந்து எட்டாம் நாள் முடிகிற வரைக்கும் எந்த ரயில், எந்த ஏரிப் படகு, எந்த ஊர் பஸ் என்றாலும் கேள்வியே கிடையாது, ஏறலாம், இறங்கலாம், தூங்கி முழித்து மறுபடியும் ஏறலாம். கண்ணாடிக் கூரை போட்ட ரயிலுக்கு மட்டும் இருக்கைக்குத் தனியாகக் கட்ட வேண்டும். ஃப்ளெக்ஸ் என்றால் ஒரு மாதத்துக்குள் வேண்டிய நாளை மட்டும் நாம் சொல்லிக்கொள்ளலாம், வேண்டாத நாளை விட்டுவிடலாம். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று முதலில் நினைத்தாள். தொடர்ந்து போவதுதான் அவளுக்குப் பிடித்தது. முப்பத்துநாலு வருடம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருந்தவளுக்கு, லைன் நடுவில் அறுந்துபோவதுபோல மனசுக்கு ஒப்பாதது வேறொன்றும் இல்லை. எட்டு நாளும் ஒரே லைன், சூரிக்கிலிருந்து லூசர்ன், அங்கிருந்து இன்டர்லாகன், அங்கிருந்து மலை ஏறி செர்மாட், செர்மாட்டிலிருந்து அந்தக் கண்ணாடி ரயிலில் கிழக்கே, வளைந்த பாலத்தின் மேல் போய் நேராக மலையின் வாய்க்குள் நுழைகிற ரயில். அந்தப் பாலத்தை அவள் எத்தனை தடவை பார்த்திருக்கிறாள். ஓட்டுநர் அறையிலிருந்து எடுத்த வீடியோ, மணிக்கணக்காக ஓடும், பேச்சு கிடையாது, பாட்டு கிடையாது, தண்டவாளம் மட்டும் வந்துகொண்டே இருக்கும், பக்கத்தில் பனி, பைன் மரம், மஞ்சள் பூ, மணி கட்டிய மாடு. தாரணி மாதத்தில் இரண்டாவது ஞாயிறு வருவாள், இரண்டு பேரும் ஹாலில் டிவி முன்னால் உட்கார்ந்து அவரைக்காய் நார் உரித்துக்கொண்டோ, துணி மடித்துக்கொண்டோ அதைப் பார்ப்பார்கள். குகை வந்தால் திரை கறுத்துப்போய் அதில் இவர்கள் இரண்டு பேரின் முகமும் தெரியும், குகை முடிந்தால் மறையும். அப்படி ஒரு குகை முடிகிற நேரத்தில்தான் தாரணி, நாம ஒரு தடவை நேர்லயே போயிட்டு வந்தா என்ன, என்றாள். யாருக்குச் சொல்கிறாள் என்றே தெரியாத மாதிரி, திரையைப் பார்த்துக்கொண்டே. வசந்தாமணியும் திரையைப் பார்த்துக்கொண்டே, போலாம், என்றாள். ரயிலில் இது ஒரு சௌகரியம். பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு இரண்டு பேரும் வெளியே பார்க்கலாம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டியதில்லை. ரயில் இல்லாத இரண்டு நாளில் என்ன செய்வது, எங்கே பார்ப்பது?

கீழே யாரோ ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டிருந்தார்கள், அது கிளம்பாமல் கிளம்பாமல் இருமிக்கொண்டிருந்தது. மருதமலை பக்கம் வெயில் மங்கி, மலை மேல் ஒரு மேகத்தின் நிழல் போர்வை இழுத்துவிட்டதுபோல நகர்ந்தது. கழுத்து வலித்தது. இன்னும் எவ்வளவு நேரமோ. ஆன்ட்டி. அந்த வார்த்தை மறுபடியும் வந்துவிட்டது. அதை நினைக்கக் கூடாது என்று காலையிலிருந்து ஒதுக்கி ஒதுக்கி வைக்கிறாள், அது செருப்புக்குள் புகுந்த கல் மாதிரி, நின்றால் தெரியாது, இரண்டடி நடந்தால் தெரியும். வெள்ளிக்கிழமை ஆர்.எஸ்.புரத்தில் அந்தப் பயண ஏஜென்சிக்குப் போயிருந்தார்கள். ஏசி குளிர், சுவரில் பனிமலைப் படம், கண்ணாடி மேஜைக்கு அந்தப்பக்கம் நெற்றியில் சின்னக் கறுப்புப் பொட்டு வைத்த ஒரு பெண், விசாவுக்கு என்னென்ன வேண்டும் என்று அழகாகச் சொல்லிக்கொண்டே வந்தவள், தட்டச்சு செய்கிற கையை நிறுத்தாமல் தாரணியிடம் கேட்டாள், இவங்க உங்களுக்கு என்ன வேணும் மேம்? எல்லோரும் கேட்பதுதான். ஆஸ்பத்திரியில் கேட்பார்கள், கல்யாண மண்டபத்தில் கேட்பார்கள், என்ன வேணும், என்ன முறை, யாருக்கு யார். தாரணி ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, மேஜை மேலிருந்த பேனாவைப் பார்த்தாள். அப்புறம், தெரிஞ்ச ஆன்ட்டி, என்றாள். ஏஜென்சிப் பெண் ஓகே மேம் என்று தட்டிவிட்டாள், விஷயம் அவ்வளவுதான், அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்கள். வசந்தாமணி மட்டும் அங்கேயே நின்றுவிட்டாள். தெரிஞ்ச ஆன்ட்டி. பக்கத்து வீட்டு ஆன்ட்டி, யோகா கிளாஸ் ஆன்ட்டி, லிஃப்ட்டில் பார்க்கிற ஆன்ட்டி. எட்டு வருடம் அத்தை என்று கூப்பிட்ட வாய். பிரிந்த பிறகு அந்த வாய் அவளை எதுவுமே சொல்லிக் கூப்பிடவில்லை, அதை அவளும் கவனித்திருக்கிறாள், வாக்கியத்தை அப்படியே நடுவிலிருந்து ஆரம்பிப்பாள், காபி போடட்டுங்களா, மாத்திரை சாப்ட்டாச்சுங்களா, போன்ல சார்ஜ் இருக்குங்களா, எல்லாவற்றிலும் மரியாதை இருக்கும், பெயர் இருக்காது. அதில் ஒரு நயம் இருப்பதாகத்தான் வசந்தாமணி நினைத்திருந்தாள். ஒரு இடத்தைக் காலியாக வைத்திருப்பது, வேறு யாரும் உட்காராமல் துண்டு போட்டு வைத்திருப்பதுபோல. வெள்ளிக்கிழமை அந்த இடத்தில் ஆன்ட்டி வந்து உட்கார்ந்துகொண்டது.

சரி, வேறு என்ன சொல்லியிருப்பாள், முன்னாள் மாமியார் என்றா? அந்தப் பெண் தட்டுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்திருப்பாள். நான்கு பேர் காதில் விழுந்திருக்கும். நானே என்ன சொல்லியிருப்பேன், என்று வசந்தாமணி நினைத்தாள், நினைத்துப் பார்த்தால் தன் வாயிலும் ஒன்றும் வரவில்லை. கணக்குப்படி பார்த்தால் இரண்டு பேருக்கும் நடுவில் ஒன்றும் இல்லை. இருந்த ஒருவனும் எழுந்து போய்விட்டான். தாரணியை முதன்முதலாக அவள் தன்னுடையவளாக நினைத்தது எப்போது? கல்யாணத்தில் இல்லை, அப்போது அவள் ஒரு பட்டுப்புடவை, ஒரு குனிந்த தலை, அவ்வளவுதான். அந்த வருடம் மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி ரயிலில், ஆமாம், அன்றைக்குத்தான். மூன்று பேருக்கு டிக்கெட், நந்துவுக்கு முதல் நாள் ஆபீஸிலிருந்து போன் வந்து அவன் வரவில்லை, நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்கம்மா என்றுவிட்டான், அவனுக்கு எப்போதும் அப்படித்தான், தான் இல்லாமல் ஒரு காரியம் நடந்துவிட்டால் அவனுக்கு நிம்மதி. மரப்பலகை இருக்கை, பின்னாலிருந்து தள்ளுகிற எஞ்சின், கரிப்புகை, ஒரு வார்த்தை பேசாத புதுப்பெண். கல்லாறு தாண்டி முதல் குகை வந்ததும் பெட்டி முழுக்க ஓ என்று ஒரே கூச்சல், அந்த ரயிலில் எல்லோரும் கத்துவார்கள், அது வழக்கம், இருட்டில் யார் கத்துகிறார்கள் என்று தெரியாதல்லவா. அந்தக் கூச்சலில் ஒரு குரல் மட்டும் பக்கத்திலேயே, காதைக் கிழிக்கிற மாதிரி, கீச்சென்று, சந்தோஷமாக. வெளிச்சம் வந்தது. தாரணி வாயை மூட மறந்துபோய், மாமியாரைப் பார்த்து, பயத்தில் கண் விரிந்து உட்கார்ந்திருந்தாள். வசந்தாமணி அடுத்த குகை வருகிற வரை காத்திருந்தாள். இருட்டானதும் அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் போட்டாள் பார், எக்ஸ்சேஞ்சில் இத்தனை வருடம் அடக்கி அடக்கிப் பேசிய தொண்டை, அதற்கு இப்படி ஒரு சத்தம் இருக்கிறது என்று அவளுக்கே அன்றைக்குத்தான் தெரியும். குன்னூர் வரைக்கும் இரண்டு பேரும் சிரித்தார்கள். வீட்டுக்கு வந்து நந்து கேட்டான், எப்படிம்மா இருந்துச்சு. நல்லா இருந்துச்சு, என்றாள் அவள். நல்லா இருந்துச்சுங்க, என்றாள் தாரணி. குகையைப் பற்றி இரண்டு பேருமே சொல்லவில்லை.

ஆக, நடுவில் இரண்டு நாள். எதற்காக இருக்கும்? உங்களுக்கு முட்டி வலிக்கும், ஓய்வா இருக்கலாம், என்று சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. ரயில் இல்லாம இருக்கலாம் என்றுதான் எழுதியிருக்கிறாள். யார் இருக்கலாம்? நாம் இருக்கலாமா, அவள் இருக்கலாமா? எட்டு நாள் ஒரு கிழவியோடு எதிரும் புதிருமாக உட்கார்ந்திருந்தால் யாருக்கும் மூச்சு முட்டத்தான் செய்யும், பாவம், முப்பத்தேழு வயதுப் பெண், அவளுக்கும் தனியாக ஒரு தெருவில் நடக்க, ஒரு கடையில் நின்று எதையாவது எடுத்துப் பார்க்க ஆசை இருக்காதா. வசந்தாமணி குறட்டை விடுவாள், அது அவளுக்கே தெரியும், ஒரே அறை என்று போட்டிருக்கிறார்கள், அது ஒரு கவலை. இரவில் பாத்ரூம் போக இரண்டு தடவை எழுவாள், விளக்குப் போடாமல் தடவித் தடவிப் போக வேண்டும். அந்த வெள்ளை விரிப்பு, அந்தக் கனத்த கதவு, ஜன்னலைத் திறந்தால் யாரும் இல்லாத புல்வெளி. அந்த அறையில் தாரணி, நான் கொஞ்சம் வெளிய போயிட்டு வர்றேன், என்று போய்விட்டால் சாயங்காலம் வரை அவள் மட்டும் அந்தப் புல்வெளியைப் பார்த்துக்கொண்டு இருப்பாள். மலையிலிருந்து குளிர் இறங்கும். மொழி தெரியாது. பசித்தால் கொண்டுபோன சத்துமாவைக் கரைத்துக் குடிக்கலாம். அதில் ஒன்றும் இல்லை, அவள் தனியாக இருந்து பழகியவள்தான், வீட்டுக்காரர் போய் ஒன்பது வருடமாகிறது, இந்த வீட்டில் தனிமை ஒரு மின்விசிறிச் சத்தம் மாதிரி ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் ஒருத்தியோடு போய், அங்கே தனியாக இருப்பது வேறு. அது பயம் என்று சொல்ல முடியாது. பயத்துக்குப் பக்கத்து வீடு. தொடர் பாஸே எடுத்துக்கலாம் கண்ணு, காசு குடுத்துட்டு நாளை எதுக்கு வீணாக்கறது, என்று சொல்லிவிட வேண்டும். சாதாரணமாகச் சொல்ல வேண்டும். குரல் கெஞ்சக் கூடாது. மனதுக்குள் சொல்லிப் பார்த்தாள். கெஞ்சியது. இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தாள், இந்தத் தடவை அதிகாரம் மாதிரி இருந்தது, அது அதைவிட மோசம்.

போன் அடித்தது. ஸ்டூல் மேல் அதிர்ந்து அதிர்ந்து விளிம்பை நோக்கி நகர்ந்தது. தாரணியில்லை, நந்தகுமார். ஞாயிறு மத்தியானம் அவன் கூப்பிடுகிற நேரம், எப்படி மறந்தாள். சுண்டுவிரல் நுனியால் தொட்டு ஸ்பீக்கரில் போட்டாள்.

"என்னம்மா, எங்கியோ கிணத்துக்குள்ள இருந்து பேசற மாதிரி இருக்கு."

"மருதாணி போட்டிருக்கேன்டா. காதுல வெக்க முடியாது. சாப்ட்டியா?"

"ஆச்சு. நீங்க கேட்டீங்கன்னு சொன்னேன், அவளும் கேட்டதாச் சொல்லச் சொன்னா." பக்கத்தில் ஒரு மூச்சு கேட்டது, புது மருமகள் பக்கத்தில்தான் நிற்கிறாள், கேட்டதாகச் சொல்லச் சொல்கிறவள். நல்ல பெண்தான். "அப்புறம், அந்த சுவிஸ் டூர் என்னாச்சு? ஏதோ குரூப்போட போறேன்னீங்களே."

"குரூப் இல்லடா. ரெண்டு பேருதான்."

"யாரு?"

ஸ்கூட்டர் கிளம்பிவிட்டது, சத்தம் தெருமுனை வரை போய்த் தேய்ந்தது. வசந்தாமணி வாயைத் திறந்தாள். பொய் சொல்ல வேண்டும் என்று அவள் நினைக்கவே இல்லை. மறைக்க இதில் என்ன இருக்கிறது, சொன்னால் அவன் கோபப்படுகிறவனும் இல்லை, ஓ, அப்படியா, என்பான், அந்தப் பக்கத்து மூச்சு ஒரு இழை மெலிந்து போகும், அப்புறம் இரண்டு நாள் கழித்து அவர்களுக்குள் ஏதோ ஒரு பேச்சு வரும். அவ்வளவுதான். அதற்குள் வாய் சொல்லிவிட்டது.

"தெரிஞ்சவங்கடா. இங்க பீளமேட்டுல."

"சரி சரி. ஃபிட்டான ஆளாப் பாத்துக்குங்க, உங்களுக்கு முட்டி வேற. இன்சூரன்ஸ் போட்ருங்கம்மா, மறந்துடாதீங்க. எந்த பாஸ் எடுக்கறீங்க?"

"அதுதான் யோசிச்சுட்டு இருக்கேன்."

"எட்டு நாள் தொடர்ச்சியா எடுங்க, யோசிக்காதீங்க. ஃப்ளெக்ஸ் எல்லாம் நாள் எழுதணும், அது இதுன்னு தலைவலி."

அவன் வைத்த பிறகும் அவள் போனைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். தெரிஞ்சவங்க. அந்த வார்த்தை எவ்வளவு சுலபமாக வந்தது, எண்ணெய் போட்ட கீல் மாதிரி, சத்தமே இல்லாமல் கதவு சாத்திக்கொண்டது. அவளுக்குத் தாரணியைப் பற்றி வெட்கமா? இல்லை. தாரணி அவளுக்கு ஒன்றும் இல்லை என்ற நினைப்பா? அட, அதுவும் இல்லை. உண்மையில் அந்த நொடியில் அவள் செய்தது தாரணியைக் கைக்குள் மூடிக்கொண்டதுதான், காற்றில் விளக்கை மூடுகிற மாதிரி, பிறர் பார்வை படாமல், யாரும் ஊதிவிடாமல். அப்படியானால் வெள்ளிக்கிழமை அந்தக் கண்ணாடி மேஜைக்கு இந்தப்பக்கம் தாரணியும் அதைத்தான் செய்தாளோ. இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். ஒருவரின் வாயை வைத்து மனதைச் சொல்ல முடியாது, முப்பத்துநாலு வருடம் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு இருந்தவளுக்கு இது தெரியாதா. துக்கச் செய்தி சொல்ல டிரங்க்கால் போடுகிறவர்கள் முதலில் மழை பெய்யுதா என்றுதான் கேட்பார்கள். லைன் கொடுத்துவிட்டுக் காதை எடுக்க வேண்டும், அதுதான் விதி, ஆனால் லைன் சேர்ந்ததா என்று பார்க்க ஒரு விநாடி இருக்க வேண்டும், அந்த ஒரு விநாடியில் எத்தனை மூச்சு கேட்டிருக்கிறாள். பேசுவதற்கு முன்னால் இழுக்கிற மூச்சில்தான் எல்லாம் இருக்கும். வெள்ளிக்கிழமை அவள் வார்த்தையைக் கேட்டாள், மூச்சைக் கேட்கத் தவறிவிட்டாள். நெற்றியில் மருதாணி காய்ந்து தோலை இழுத்தது. புருவத்தைத் தூக்கினால் ஒரு வெடிப்பு விழுகிற மாதிரி இருந்தது. மலை மேலிருந்த நிழல் எப்போது போனதென்று தெரியவில்லை, மலை பளிச்சென்று நின்றது, படிக்கட்டு வளைவுகள்கூடத் தெரிந்தன. ரயில் இல்லாத நாளிலும் ஒரு ஊரில் ஏதாவது இருக்கும், தெரு இருக்கும், ஏரி இருக்கும், பெஞ்சு போட்டிருப்பார்கள், உட்கார்ந்திருக்கலாம். தாரணி எங்கே வேண்டுமானாலும் போய்விட்டு வரட்டும். போகிறவள் திரும்பித்தானே வருவாள். அதை நினைத்ததும் மனதில் ஏதோ இடம் மாறி உட்கார்ந்தது. இனி எதைக் கேட்டாலும் சரி என்று சொல்லிவிடலாம் என்று தோன்றியது, தோன்றிய கையோடு, அப்படியும் அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட மாட்டேன் என்றும் தோன்றியது.

நாலு மணிக்குத் தாரணி சொன்னபடி கூப்பிட்டாள்.

"யோசிச்சீங்களா?"

"யோசிச்சேன். நீ சொல்லு கண்ணு முதல்ல. அந்த ரெண்டு நாளு எதுக்கு?"

ஒரு மூச்சு. வசந்தாமணி கண்ணை மூடிக்கொண்டு அதைக் கேட்டாள். நீளமான மூச்சு, நடுவில் ஒரு தடங்கல், திரும்பிப் போய்விடலாமா என்று வாசலில் நிற்கிற ஆள் மாதிரி.

"நேர்ல வந்து சொல்லணும்னு இருந்தேனுங்க. வெள்ளிக்கிழமை ஏஜென்சி முடிச்சிட்டு காபி குடிக்கறப்ப சொல்லலாம்னு. நீங்க ஒரு மாதிரி இருந்தீங்க. சொல்லல."

"இப்ப சொல்லு."

"பாஸல்னு ஒரு ஊரு இருக்குங்க. நம்ம போற வழியில இல்ல, தள்ளி. அங்க ஒருத்தர் இருக்கார். மருந்துக் கம்பெனில வேலை. எங்க ஆபீஸ் ப்ராஜெக்ட்ல ரெண்டு வருஷமாப் பழக்கம். பேரு இளம்பரிதி, திருவாரூர்ப் பக்கம். அவருக்கும் ஒரு தடவை கல்யாணமாகி... அந்தம்மா இறந்துட்டாங்க. ஒரு பொண்ணு இருக்கு, பத்து வயசு."

வசந்தாமணியின் நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று, நந்துவின் முகத்தோடு, அவன் சின்ன வயசில் காய்ச்சலில் படுத்திருந்த முகத்தோடு, ஒரு தடவை புரண்டது. அவன் மறுகல்யாணத்துக்கு அவளே நின்று மாலை எடுத்துக் கொடுத்தாள். அப்போது புரளாத ஒன்று இப்போது எதற்குப் புரள வேண்டும்? புரண்டது. அவள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அடங்குவதற்குக் கொஞ்ச நேரம் எடுத்தது.

"இருக்கீங்களா?"

"இருக்கேன் சாமி. சொல்லு."

"அவரு ரெண்டு மாசமாக் கேட்டுட்டு இருக்கார். நான்தான் பதில் சொல்லல. அவரப் பத்தி எனக்கு சந்தேகமில்லைங்க. அந்தப் பொண்ணுதான். வீடியோ கால்ல வரும், ஹலோ சொல்லும், போயிடும். என்னப் புடிச்சிருக்கா, அப்பாவுக்காகச் சிரிக்குதா, எனக்குத் தெரிய மாட்டேங்குது. அதனாலதான் நேர்ல ரெண்டு நாள் அங்க போய் இருந்து பாக்கலாம்னு. நீங்க பாத்தாத் தெரியும்."

"நானா?"

"உங்களுக்குத் தெரியும். நான் உங்க வீட்டுக்கு வந்தப்ப உங்களுக்கு என்னத் தெரிஞ்சுதுல்ல, நான் ஒரு வார்த்தையும் பேசறதுக்கு முன்னாலயே. எங்கப்பாகிட்ட இதச் சொன்னா முதல்ல சாதி கேப்பார். அண்ணன் கேக்கவே மாட்டான். அம்மா இருந்திருந்தா..." அந்த வாக்கியத்தை அவள் முடிக்கவில்லை. "உங்ககிட்ட இதக் கேக்கறது தப்புன்னு தெரியும். நீங்க நந்துவோட அம்மா. வேண்டாம்னா சொல்லிடுங்க, நான் தொடர் பாஸே போட்டுடறேன். அவரு பாஸல்லருந்து ஒரு மணி நேரம் வந்து ஸ்டேஷன்ல பாத்துட்டுப் போறேன்னு சொல்றார், அப்படியும் பண்ணிக்கலாம்."

ஸ்டேஷனில் பார்த்துவிட்டுப் போவதா! வசந்தாமணிக்குச் சட்டென்று கோபம் வந்தது, நல்ல கோபம், எவ்வளவு நாளைக்குப் பிறகு, உரிமைப்பட்ட ஒரு கோபம். ஒரு பெண்ணின் காரியம், பிளாட்பாரத்தில் பெட்டியை நிறுத்திக்கொண்டு, ரயிலுக்கு மணி பார்த்துக்கொண்டா? ஈரோட்டில் தாரணியைப் பார்க்கப் போன அன்று இவர்கள் பக்கம் எட்டுப் பேர் போனார்கள், காலையில் போனவர்கள் சாயங்காலம்தான் கிளம்பினார்கள், கொல்லையில் கிணறு எங்கே இருக்கிறது என்பது வரை பார்த்துவிட்டு வந்தார்கள். அவ்வளவு பார்த்தும் பார்க்க வேண்டியதைப் பார்க்கவில்லை என்பது வேறு. இன்னொரு தடவை பார்க்கிறபோது சரியாகப் பார்க்க வேண்டும். அந்தப் பையன், பையன் என்ன பையன், நாற்பது வயதாவது ஆகியிருக்கும், சாப்பாட்டு மேஜையில் எப்படி உட்காருகிறான், பெண் குழந்தை பேசும்போது போனைப் பார்க்கிறானா, அதன் முகத்தைப் பார்க்கிறானா, தாரணி சொல்வதை முடிக்க விடுகிறானா. நந்து முடிக்க விட்டதில்லை. அதட்டி அடக்கியதில்லை, அவள் முடிப்பதற்குள் எழுந்து போய்விடுவான். இதெல்லாம் ஒரு மணி நேரத்தில் தெரியாது. ஒரு ராத்திரி சாப்பாடு, ஒரு காலைச் சாப்பாடு, மறுபடியும் ஒரு மத்தியானம். இரண்டு நாள் போதாது போலவும் இருந்தது.

"என்னப் பத்தி அவருகிட்ட என்ன சொல்லி வெச்சிருக்க?" என்று கேட்டாள்.

"எங்க வீட்டுப் பெரியவங்க ஒருத்தங்க வருவாங்கன்னு சொன்னேன்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதானுங்க. யாருன்னு கேட்டார். அத நீங்க வந்து சொல்லிக்குவீங்கன்னு சொல்லிட்டேன்." அவள் சிரிக்க ஆரம்பித்தாள், சிரிப்பு நடுவில் வேறு எதுவாகவோ மாறிவிட்டது, மூக்கை உறிஞ்சினாள். "எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியல."

"எனக்கும்தான் தெரியல," என்றாள் வசந்தாமணி. "போறதுக்கு இன்னும் நாளு இருக்கு, விடு. ஃப்ளெக்ஸே போடு. நாளு எழுதற வேலையெல்லாம் நீ பாத்துக்க. கண்ணாடி ரயிலுக்கு முன்னாடி பாஸல் போயிடலாமா, பின்னாடியா?"

"முன்னாடின்னா மனசுல ஒரு பாரம் இருக்கும், மலையைப் பாக்கவே தோணாதுங்க."

"பின்னாடின்னா அதையே நெனச்சுட்டு மலையைப் பாக்க மாட்ட. முன்னாடியே போயிடலாம். எதுன்னாலும் முடிவு பண்ணிட்டு ரயில் ஏறுவோம்."

"சரிங்க."

"அப்புறம், அந்தப் புள்ளைக்கு என்ன புடிக்கும்னு அவரக் கேளு. அதுகிட்ட கேக்கச் சொல்லாத, அவருக்குத் தெரியுதான்னு பாரு."

"கேக்கறேன்."

"அந்த ஊர்ல முறுக்கெல்லாம் விடுவாங்களா, ஏர்போர்ட்ல புடிச்சு வெச்சுக்குவாங்களா?"

"முறுக்கு விடுவாங்க. எதுக்கு?"

"எதுக்குன்னு கேக்கறா பாரு," என்றாள் வசந்தாமணி. "மாப்பிள்ளை பாக்கப் போற இடத்துக்கு வெறுங்கைய வீசிட்டா போறது?"